இருபத்தெட்டு நொடி

மண்டபம் வடக்குத் துறையில்
என் கணக்கில் நூற்றி முப்பத்தேழு வீடு.
போன பங்குனியில் இருநூற்றுப் பத்து.
மீதி வீடுகளுக்கு வெறும் கம்பி தொங்குகிறது.
அதில் காக்கை உட்காரும்,
காற்றுக் காலத்தில் உப்பு உட்காரும்.

மாதக் காசுக்குப் போனால்
அருள்மேரி பாதிக் கதவு திறந்து கேட்கிறாள்:
"அடுத்த வருசம் கிரிக்கெட்டு
ஒங்ககிட்ட வராதாமேண்ணே?"

வரலாம். வராமலும் போகலாம்.
இப்போதைக்கு டிவிக்கு ஒருவன்,
போனுக்கு ஒருவன் எடுத்திருக்கிறான்.
அடுத்த ஏலத்தில் இரண்டும்
ஒரே மடியில் விழும் என்கிறார்கள்.

எனக்கு ஏலம் தெரியும்.
விடியலில் ஜெட்டியில்
சீலாவும் நகரையும் கூறு கூறாய்க் கிடக்கும்,
செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் விலை.
அங்கே ஆடாத ஆட்டத்தை,
இன்னும் கையை விட்டுக் கிளம்பாத பந்தை
ஐந்து வருசத்துக்கு விற்கிறார்கள்.
கடலுக்குள் நீந்துகிற மீனுக்கு
முன்பணம் வாங்கினவன் பாடு
இந்தக் கரைக்குத் தெரியாததா.

காதர்மஸ்தான் டீக்கடையில்
என் இணைப்பை வெட்டி ஆறு மாசம்.
சுவரளவு திரை, போனிலிருந்து படம்.
நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்,
புல்லின் ஈரம் தெரிகிறது.
ஆனால் என் வீடுகள் கத்தி
இருபத்தெட்டு நொடி கழித்துத்தான்
அவர் கடை கத்தும். எண்ணியிருக்கிறேன்.
இப்போது ஆட்ட நாளில்
மேற்குச் சன்னலைச் சாத்திவிடுகிறார்,
பக்கத்து வீட்டுச் சத்தம்
டீயில் விழுந்துவிடக் கூடாதென்று.

மச்சான் இன்னாசி
படகில் பார்த்துக்கொண்டே போயிருக்கிறான்.
நம் கோபுரம் கைவிட்ட இடத்தில்
அக்கரைக் கோபுரம் போனைப் பிடித்துக்கொள்ள,
ஆட்டம் மறைந்து எழுத்து வந்ததாம்:
இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது.
"எம் பகுதி எதுன்னு
எனக்கே தெரியாது, இதுக்குத் தெரிஞ்சிருக்கு"
என்று சிரித்தான்.
வலையை வாரிப்போட்டுத் திரும்பிவிட்டான்.
ரோந்து விளக்குக்கு முன்னால்
ஆப் எச்சரித்தது அன்றைக்கு.
சந்தாவில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இறுதி ஆட்டத்தன்று கச்சான் காற்று.
பனைமட்டை விழுந்து லைன் அறுந்தது,
மூன்று ஓவர் பாக்கி.
ஒரே நேரத்தில் பதினேழு அழைப்பு,
அதில் ஒன்றாவது மரியாதையாக இல்லை.
டார்ச்சை வாயில் கவ்விக் கம்பத்தில் ஏறினேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
என் போனிலும் அந்த ஆப் இருக்கிறது.
வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.
சட்டைப்பையில் நிமிர்த்தி வைத்து
ஒரு கண் அதில், ஒரு கண் கம்பியில்.
செம்பைச் சுரண்டி முறுக்கி
டேப் சுற்றினேன்.
கீழே வரிசையாய் சன்னல்கள் நீலமாயின.
ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

கடைசிப் பந்து. நாலு வேணும்.
என் பையில் பந்து வீசுகிறவன்
இன்னும் நடந்து போய்க்கொண்டிருக்கிறான்,
பந்தைக் கால்சட்டையில் தேய்க்கிறான்.
அதற்குள்
நூற்றி முப்பத்தேழு வீடும் கத்திவிட்டது.

அடித்ததற்கா, பிடித்ததற்கா?
மேலே இருந்து கேட்டால்
இரண்டும் ஒரே சத்தம்தான்.

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.
இடது கையில் நான் ஒட்டுப்போட்ட கம்பி,
அதற்குள் எல்லாம் முடிந்து ஓடிக்கொண்டிருக்கிறது.
நெஞ்சுக்கு நேரே
ஒன்றும் நடக்காத ஒரு மைதானம்.
அவன் திரும்புகிறான். ஓடி வருகிறான்.
பத்தொன்பது. இருபது.
வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

இருபத்தெட்டு போய் நாற்பதும் போயிற்று.
டீக்கடைச் சன்னல் சாத்தியே இருக்கிறது.
அருள்மேரி வாசலுக்கு வந்து
அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு
அண்ணாந்து கேட்கிறாள்:
"அண்ணே, யாரு செயிச்சா?"

இரு புள்ள,
வந்துக்கிட்டிருக்கு.